நூறு வருடம் பொறுத்தால் ஒரு மிடறு

அரிசி, கருப்புப் பூஞ்சணம், மண் ஜாடி இருந்தால் ஒகினாவா தீவின் அவமோரி சாராயம் தயாராகிவிடும். ஆனால் அது முதுமை அடைய இன்னொன்றும் வேண்டும். போர் இல்லாத காலம்.

குடுவையை அசைத்தால் உள்ளே ஏதோ கலகலக்கிறது. வயிறு பருத்து மூக்கு நீண்ட அந்த மண் குடுவையின் பெயரே கராகரா. அடியில் கிடக்கும் சின்ன மண் உருண்டைதான் சத்தத்துக்குக் காரணம். குடுவை காலி, அடுத்ததைக் கொண்டுவரலாம் என்று கடைக்காரருக்குச் சொல்லும் மணி அது. கூடவே வரும் கிண்ணமோ கட்டைவிரல் நுனி அளவுதான். பெரிய கோப்பை கேட்பவர் வெளியூர்க்காரர் என்பது உடனே தெரிந்துவிடும். கிண்ணத்தில் இருப்பது மடக்கென்று குடிக்கிற சரக்கல்ல. உதட்டை நனைத்து, மூச்சை இழுத்து, சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். முதலில் லேசான எரிச்சல். பிறகு தேன் போன்ற ஒரு வழவழப்பு. எல்லாம் இறங்கிய பிறகு, எங்கிருந்தோ வந்தது போல வெனிலா வாசனை.

ஒகினாவாவின் தலைநகரமான நாஹாவில் இதற்குக் கூசு என்று பெயர். பழைய சாராயம் என்று பொருள். ஜப்பான் என்றதும் நினைவுக்கு வரும் சாகே அல்ல இது. சாகே நொதிக்க வைத்து வடிகட்டப்படுவது. ஏறக்குறைய ஒயின் அளவுக்குத்தான் போதை. ஒகினாவாவின் அவமோரி காய்ச்சி வடிக்கப்படும் சாராயம். சாதாரண பாட்டிலில் 30 சதவீதம், பழையதில் 43 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும்.

ஒகினாவா டோக்கியோவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தைவானின் தைபே அதில் பாதி தூரம்கூட இல்லை. 1879-ல் ஜப்பான் இணைத்துக்கொள்ளும் வரை இது ரியூக்யூ என்ற தனி அரசு. 1429-ல் ஒன்றுபட்ட அந்த ராஜ்ஜியம் சீனாவோடும் சயாமோடும் மலாக்காவோடும் கப்பல் வாணிகம் செய்து பிழைத்தது. சாராயம் வடிக்கும் கலை 15-ம் நூற்றாண்டில் சயாமிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. சீனாவின் ஃபூஜியன் வழியாக வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு.

அதற்கு முன்பும் இங்கே குடிக்க ஆளில்லாமல் இல்லை. 1477-ல் புயலில் சிக்கி யோனாகுனி தீவில் ஒதுங்கிய கொரியப் படகோட்டிகள் நாடு திரும்பிச் சொன்ன கதை கொரிய அரசவைக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. பெண்கள் அரிசியை வாயில் போட்டு மென்று பாத்திரத்தில் உமிழ்வார்கள், அது சில நாளில் மதுவாகும் என்று அவர்கள் சொன்னார்கள். எச்சிலிலுள்ள நொதிப்பொருள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். காற்றிலுள்ள ஈஸ்ட் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். திருவிழாக் காலத்தில் தெய்வத்துக்குப் படைக்க இந்த முறை தீவுகளில் நெடுங்காலம் நீடித்தது.

அவமோரியில் எச்சிலின் வேலையைச் செய்வது கருப்புக் கோஜி என்ற பூஞ்சணம். வேகவைத்த அரிசியின் மேல் இதைத் தூவிவிட்டால் இரண்டு நாளுக்குள் அரிசி முழுவதும் கரும்படலம் படர்ந்துவிடும். பிறகு தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்து இரண்டு வாரம் போல ஊறவைத்து, ஒரே ஒரு முறை வடிக்கிறார்கள். ஜப்பானின் மற்ற பகுதிகளில் பழக்கமான மஞ்சள் கோஜி ஒகினாவாவின் புழுக்கத்தைத் தாங்காது, ஊறல் கெட்டுப்போகும். கருப்புக் கோஜி எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தை ஏராளமாகச் சுரக்கும். அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் தலைகாட்ட முடியாது. வெப்ப நாட்டுக்கென்றே வாய்த்த பூஞ்சணம்.

அரிசியும் உள்ளூர் அரிசி அல்ல. ஜப்பானியர் விரும்பிச் சாப்பிடும் குட்டையான, ஒட்டும் அரிசி இதற்குச் சரிப்படாது. தாய்லாந்திலிருந்து கப்பலில் வரும் நீள அரிசிதான் வேண்டும். வெந்தபின் உதிரி உதிரியாக நிற்பதால் பூஞ்சணம் ஒவ்வொரு மணியையும் சுற்றிப் பிடிக்க வசதி. பெரும்பாலும் உடைந்த அரிசியே வருகிறது. இந்தியச் சமையலறையில் நொய் என்று ஒதுக்கப்படும் பொருள், இங்கே அரசவைப் பானத்தின் மூலப்பொருள்.

அரசவை என்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. ராஜ்ஜியத்தின் காலத்தில் தலைநகர் ஷுரியின் அகதா, சகியாமா, டோரிஹோரி என்ற மூன்று தெருப்பகுதிகளில் சுமார் 40 குடும்பங்களுக்கு மட்டுமே அவமோரி காய்ச்ச அனுமதி. அரிசியை அரசே கொடுத்தது. அரண்மனை அதிகாரிகள் மேற்பார்த்தார்கள். அவமோரி என்ற பெயர் 1671-ல் ரியூக்யூ மன்னர் ஜப்பானிய ஷோகனுக்கு அனுப்பிய பரிசுப் பட்டியலில்தான் முதலில் காணப்படுகிறது. உயரத்திலிருந்து ஊற்றும்போது எழும் நுரையை வைத்து வீரியத்தை அளந்ததால் 'நுரை பொங்குவது' என்று பெயர் வந்தது என்கிறார்கள். 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி தன் போர்க்கப்பல்களோடு இங்கே வந்திறங்கியபோது விருந்தில் பழைய அவமோரி பரிமாறப்பட்டது. பிரெஞ்சு மதுவகைகளோடு அதை ஒப்பிட்டு எழுதி வைத்தார்கள் வந்தவர்கள்.

கூசுவின் ரகசியம் ஜாடியில் இருக்கிறது. மெருகிடாத, சுட்ட களிமண் ஜாடியில் சாராயம் மெல்ல மூச்சு விடுகிறது. அரிசித் தோலிலிருந்து வந்த ஒரு வேதிப்பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெனிலின் ஆக மாறுகிறது. வெனிலாக் காயின் மணமும் அதேதான். மன்னர் பரம்பரையின் கடைசி வாரிசுகளில் ஒருவரான பிரபு ஷோ ஜுன் ஒரு நல்ல கூசுவுக்கு மூன்று வகை வாசனை இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார். பெண்கள் தலையில் பூசும் வாசனை எண்ணெயின் மணம் ஒன்று. பழுத்த சொடக்குத் தக்காளியின் மணம் இரண்டாவது. மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது: ஆட்டுக்கிடாவின் வாடை. ஆட்டிறைச்சி விருந்துக்குப் பெயர்போன தீவில் அது பாராட்டுதான்.

நல்ல கூசுவை ஒரே ஜாடியில் அடைத்து மறந்துவிட முடியாது. மூன்று நான்கு ஜாடிகளை வயது வாரியாக வரிசையாக வைப்பார்கள். மூத்த ஜாடியிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவை இரண்டாவதிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். இரண்டாவதை மூன்றாவது நிரப்பும். கடைசி ஜாடிக்குப் புதுச் சாராயம். ஷிட்சுகி என்று பெயர். மூத்தது இளையதற்கு மணத்தைக் கொடுக்கிறது. இளையது மூத்ததற்கு உயிரைக் கொடுக்கிறது. கூட்டுக் குடும்பம் போலத்தான். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் பணப்பெட்டிச் சாவியை வேலையாளிடம் நம்பிக் கொடுத்தாலும், கூசு அறையின் சாவியை வீட்டுத் தலைவர் தன் இடுப்பிலேயே வைத்திருப்பார் என்பது ஷுரியில் இன்றும் சொல்லப்படும் கதை. நூறு வருடம், இருநூறு வருடம் பழசான ஜாடிகள் அந்த அறைகளில் இருந்தன.

1945 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்கப் படைகள் ஒகினாவாவில் இறங்கின. ஜப்பானியத் தரைப்படையின் தலைமையகம் ஷுரிக் கோட்டைக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தில் இருந்தது. எனவே ஷுரியின் மேல்தான் குண்டுகள் அதிகம் விழுந்தன. ஜூன் இறுதியில் சண்டை ஓய்ந்தபோது இரு தரப்பிலும் சேர்த்து 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்திருந்தார்கள். ஒகினாவா மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உயிரோடு இல்லை. மூன்று வாசனைகளை எழுதி வைத்த ஷோ ஜுனும் அந்தப் போரிலேயே இறந்தார். இத்தனை மரணத்துக்கு நடுவில் ஜாடிகளைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரம் இருந்திருக்காது. ஆனால் இருநூறு வருடக் கூசு என்ற ஒன்று உலகத்தில் இல்லாமல் போனது அந்த மூன்று மாதங்களில்தான். மண்ணில் புதைத்து வைத்த சில ஜாடிகள் மட்டும் தப்பின. ஷுரியின் ஷிகினா வடிசாலையில் நூறு வருடத்தைத் தாண்டிய கூசு இன்னும் இருக்கிறது. விற்பனைக்கு அல்ல.

ஜாடிகளோடு பூஞ்சணமும் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வடிசாலைச் சுவரிலும் உத்தரத்திலும் வாழ்ந்த உயிர் அது. கட்டடமே சாம்பலானபின் எங்கே தேடுவது? போர் முடிந்ததும் ஷுரிக்குத் திரும்பிய சாராயக் குடும்பத்தவர் ஒருவர், இடிபாடுகளைக் கிளறும்போது மண்ணுக்குள் புதைந்திருந்த வைக்கோல் பாய் ஒன்று கிடைத்தது. கோஜி அரிசியைப் பரப்பப் பயன்பட்ட பாய். அதைப் பிய்த்து வேகவைத்த அரிசியின்மேல் தூவி வைத்தார். மறுநாள் அரிசி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவமோரிக்கு மறுபிறவி அங்கே தொடங்கியது என்கிறார்கள்.

இன்னொரு மறுபிறவிக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. நொதியியல் மேதை சகாகுச்சி கின்இச்சிரோ போருக்கு முன்பே, 1935-ல், ஒகினாவாவின் வடிசாலைகளைச் சுற்றிக் கருப்புக் கோஜி மாதிரிகளைச் சேகரித்திருந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் அவற்றில் சில உயிரோடு இருப்பது 1998-ல் தெரியவந்தது. 1887-ல் தொடங்கப்பட்ட ஷுரியின் சுய்சென் வடிசாலை தன் முன்னோர் வளர்த்த அந்தப் பூஞ்சணத்தை வாங்கி, 1999-ல் 'உசாகி' என்ற பெயரில் சாராயம் வெளியிட்டது. போருக்கு முந்தைய ஷுரியின் சுவையை நாக்கில் வைத்துப் பார்க்க இன்றைக்கு இதுதான் எளிய வழி. புதுச் சாராயத்துக்கே உரிய முரட்டுத்தனம் குறைவு. பழ வாசனை கூடுதல்.

போருக்குப் பிந்தைய ஒகினாவா 27 வருடம் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அரிசி இல்லாத அந்த ஆரம்ப வருடங்களில் வெல்லப்பாகு முதல் ராணுவ முகாம்களின் சாக்லெட் வரை கிடைத்ததையெல்லாம் காய்ச்சினார்கள். பிறகு விஸ்கி மலிவாகப் புழங்க ஆரம்பித்தது. அவமோரி என்பது வசதியில்லாதவர் குடிக்கும் நாற்றச் சரக்கு என்றானது. முகாம்களிலிருந்து குப்பைக்கு வந்த கோகோகோலா பாட்டில்களை உருக்கி உள்ளூர்க் கண்ணாடித் தொழிலாளர்கள் வண்ணக் குவளைகள் ஊதினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் ஆசையோடு வாங்கிப்போகும் ரியூக்யூ கண்ணாடியின் பூர்வீகம் அதுதான். அவமோரியை ஐஸ் கட்டியோடு பரிமாற அந்தக் குவளையைவிட அழகான பாத்திரம் இல்லை.

1972 மே 15-ல் ஒகினாவா ஜப்பானிடம் திரும்பியது. அதே வருடம் நாஹாவின் அசாட்டோ பகுதியில் சுசியா சநேயுகி என்பவர் உரிசுன் என்ற சிறு மதுக்கடையைத் திறந்தார். ஊரே விஸ்கி குடித்துக்கொண்டிருக்க, தீவுகளின் எல்லா வடிசாலைகளின் அவமோரியையும் வரவழைத்து அலமாரியில் அடுக்கினார். பின்னாளில் நூறு வருடக் கூசுவை மறுபடி உருவாக்க வேண்டும் என்ற இயக்கத்தையும் தொடங்கினார். கூடிச் சேர்ந்து ஜாடிகளை நிரப்பி வைப்பார்கள். திறப்பது பேரன் பேத்திகள் வேலை. 2015-ல் அவர் காலமானார். நூறு வருடக் கூசு உருவாக நூறு வருட அமைதி வேண்டும் என்பதுதான் அந்த இயக்கத்தின் அடிப்படைத் தர்க்கம். இதில் கவிதை எதுவும் இல்லை. 1945-ஐப் பார்த்தவர்களின் கணக்கு இது.

எல்லாச் சாராயமும் இப்படிப் பெருமூச்சு விட வைப்பதில்லை. நாஹாவின் கொகுசாய் தெருவில் கடைக்குக் கடை கண்ணாடி ஜாடிகளில் வாய் பிளந்து நிற்கிறது ஹாபு. ஒகினாவாவின் விஷ விரியன். மூலிகையும் தேனும் கலந்த அவமோரியில் ஊறவைத்த இதன் பெயர் ஹாபுஷூ. விஷம் என்பது புரதம். ஆல்கஹாலில் அது செயலிழந்துவிடும். ஹாபு இணை சேர்ந்தால் ஒரு நாளுக்கு மேலும் பிரியாது என்பதால் ஆண்மைக்கு நல்லது என்ற பிரசாரம் அமோகம். நிரூபணம் எதுவும் இல்லை. சுவையைப் பற்றிச் சொல்வதானால், கண்ணுக்குத் தெரியும் பயங்கரம் நாக்குக்குத் தெரிவதில்லை. இனிப்பு தூக்கலான, லேகிய வாசனை அடிக்கும் ஒரு மருந்துச் சாராயம். அவ்வளவுதான்.

இந்த ஹாபுவுக்கு ஓர் இந்தியத் தொடர்பும் உண்டு. பாம்பை ஒழிப்பதற்கென்று 1910-ல் கங்கைக் கழிமுகத்திலிருந்து கீரிகளைக் கொண்டுவந்து ஒகினாவாவில் விட்டார்கள். கீரி பகலில் திரியும். ஹாபு இரவில் வரும். இரண்டும் சந்திக்கவே இல்லை. கீரி பெருகி, தீவின் அபூர்வமான பறக்காத பறவைகளைத் தின்றது. பாம்பு ஜாடிக்குள் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

வீரியத்தைத் தேடுபவர் போக வேண்டிய இடம் ஜப்பானின் மேற்கு எல்லையான யோனாகுனி. வடிக்கும்போது முதலில் சொட்டும் பகுதியை மட்டும் பிடித்தால் கிடைப்பது ஹனசாகே, 60 சதவீதம். மற்ற அவமோரிக்கு 45 சதவீதம் என்று சட்டம் கோடு போட்டிருக்க, இந்த ஒரு தீவுக்கு மட்டும் விதிவிலக்கு. பாட்டிலைச் சுற்றிக் கூபா என்ற விசிறிப்பனையின் ஓலையைக் கையால் கட்டியிருப்பார்கள். தீக்குச்சியைக் காட்டினால் எரியும். நாக்கிலும் அப்படித்தான், ஆனால் எரிச்சல் தணிந்தபின் அரிசியின் இனிப்பு துல்லியமாகத் தெரிவது வியப்பு. உறைபெட்டியில் வைத்துக் கெட்டிப்படக் குளிர்ந்தபின் துளித்துளியாகக் குடிப்பது உத்தமம்.

யோனாகுனியில் இது கொண்டாட்டத்துக்கு மட்டுமானதல்ல. இறந்தவரைக் கல்லறையில் வைக்கும்போது ஹனசாகேயும் உள்ளே வைக்கப்படும். சில வருடம் கழித்துக் கல்லறையைத் திறந்து, எலும்புகளை எடுத்துக் கழுவும் சடங்கில் அந்தச் சாராயத்தை எலும்பின் மேல் ஊற்றி எரிப்பது வழக்கம். மிச்சத்தை உறவினர் பகிர்ந்து குடிப்பார்கள். பெரியவரோடு கல்லறையில் இருந்த சாராயம் என்பதால் அது மருந்து.

குடிக்கும்போது கடித்துக்கொள்ள டோஃபுயோவைவிடச் சிறந்தது கிடையாது. சோயாக் கட்டியை அவமோரியிலும் சிவப்புக் கோஜியிலும் மாதக்கணக்கில் ஊறவைத்த அரண்மனைப் பண்டம். பாலாடைக்கட்டிக்கு அண்ணன் போல இருக்கும். பல் குத்தும் குச்சி நுனியால் கடுகளவு எடுத்து நாக்கில் வைக்க வேண்டும். முழுசாக வாயில் போடுவது பெரிய கிண்ணம் கேட்பதற்குச் சமம். காரம் வேண்டுபவருக்கு, நூடுல்ஸ் கடைகளில் மேஜைக்கு மேஜை கொரேகுசு இருக்கிறது. ஊசிமிளகாயை அவமோரியில் ஊறப்போட்ட பாட்டில். நான்கு சொட்டு போதும்.

இத்தனை சிறப்பிருந்தும் அவமோரித் தொழில் தள்ளாடுகிறது. 2001-ல் ஒகினாவாவைக் களமாகக் கொண்ட 'சுராசான்' தொலைக்காட்சித் தொடர் நாடெங்கும் ஓடியபோது தீவும் அதன் சாராயமும் மோஸ்தராயின. 2004-ல் விற்பனை உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஆண்டுதோறும் சரிந்து பாதி அளவுக்கு வந்துவிட்டது. இளைஞர்களுக்கு பீரும் சோடா கலந்த விஸ்கியும் போதும். நாற்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகளில் பெரும்பாலானவை குடும்பம் நடத்தும் சிறு தொழில்கள். 1972 முதல் இவற்றைத் தாங்கி நிற்பது மதுவரியில் ஒரு சலுகை. அதைப் படிப்படியாகக் குறைத்து 2032 மே மாதத்தில் முற்றாக நிறுத்துவது என்று 2022-ல் முடிவாகிவிட்டது.

கூசுவோ பணத்தை முடக்கும் தொழில். இன்று காய்ச்சுவதை மூன்று வருடமாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் பழையதாக இருந்தாலே கூசு என்று அழைக்க முன்பு இடம் இருந்தது. 2015 முதல் பாட்டிலில் உள்ளது முழுவதும் மூன்று வருடம் தாண்டியிருக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். தரத்துக்கு நல்லது; சிறு வடிசாலையின் கல்லாவுக்குக் கஷ்டம். காபி கலந்த அவமோரி, எலுமிச்சை கலந்த அவமோரி என்று இளைஞரை இழுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. காபி கலந்தது மோசமில்லை. ஆனால் அதில் அவமோரியைத் தேட வேண்டியிருக்கிறது. கோஜி கொண்டு மது தயாரிக்கும் ஜப்பானியக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் அவமோரியும் உண்டு. கௌரவம் வந்துவிட்டது, வாடிக்கையாளர் வர வேண்டும்.

நம்பிக்கை தரும் ஓர் இடம், தீவின் நடுப்பகுதியிலுள்ள கின் என்ற ஊர். அங்கே பழைய பௌத்தக் கோயிலுக்கு அடியில் சுண்ணாம்புக் குகை ஒன்று இருக்கிறது. வருடம் முழுவதும் வெப்பம் சுமார் 18 டிகிரிதான். உள்ளூர் வடிசாலை அதைச் சாராயக் கிடங்காக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பணம் கட்டித் தங்கள் பாட்டிலை வைத்துவிட்டுப் போகலாம். குழந்தை பிறந்தது, திருமணம் நடந்தது என்று ஆளுக்கொரு காரணம். அட்டையில் பெயரும் திறக்க வேண்டிய காலமும் எழுதித் தொங்குகிறது.

அதே ஊரில்தான் அமெரிக்க மரைன் படையின் ஹான்சன் முகாமும் இருக்கிறது. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவாவின் பங்கு 0.6 சதவீதம்தான், அமெரிக்க ராணுவம் மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் பரப்பிலோ சுமார் 70 சதவீதம். ஹனசாகே காய்ச்சும் யோனாகுனியில் 2016-ல் ஜப்பானிய ராணுவம் முகாம் அமைத்தது. 2022 ஆகஸ்டில் தைவானைச் சுற்றிச் சீனா நடத்திய பயிற்சியில் ஏவுகணைகளில் ஒன்று அந்தத் தீவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரக் கடலில் விழுந்தது. மறுபடியும் ஜாடிகளை மண்ணில் புதைக்க நேருமோ என்று ஷுரியில் ஒருவர் கவலைப்பட்டால் அதை வேடிக்கை என்று தள்ள முடியாது.

ஆனாலும் ஜாடிகள் நிரம்பிக்கொண்டுதான் இருக்கின்றன. 1945 கோடையில் எல்லாம் புதிதாகத் தொடங்கியதால், அதன்பின் காய்ச்சிய எந்தச் சாராயத்துக்கும் இன்னும் நூறு வயது ஆகவில்லை. கூசு வைத்திருக்கும் வீட்டில் விருந்தாளிக்கு ஒரு கிண்ணம் ஊற்றினால், விருந்து முடிந்ததும் இரண்டாவது ஜாடியிலிருந்து அதே ஒரு கிண்ணம் எடுத்து முதல் ஜாடியில் ஊற்றி, மூடியை இறுகக் கட்டிவிடுவார்கள்.